துரைசாணி நாற்காலி

அந்த நாற்காலி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அம்மா தண்டில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கத்தைப் பழைய ஆட்கள் தண்டு என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக் குழந்தைகள் மூன்றும் அவள் இடுப்பில் வளர்ந்தவை. நான் குழாயடிப் பெண்களின் இடுப்பில் வளர்ந்தேன். சுதந்திரம் வந்த வருஷம் அந்தக் குடும்பம் கப்பலேறியது. பியானோ, பீங்கான், கட்டில், கண்ணாடி அலமாரி என்று எல்லாம் பங்களா வாசலிலேயே ஏலம் போயின. கடைசியில் யாருமே கேட்காத சாமான் ஒன்று மிஞ்சியது. துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யூ கீப் இட், ஆயா" என்று அதை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மகராசி, ஒரு கம்பளியாவது கொடுத்திருக்கலாம்.

தோல் தைத்த பெரிய நாற்காலி அது. சாய்மானம் ஆள் உயரத்துக்கு இருக்கும். தலை வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடிப்பு. கைப்பிடியின் ஓரமெல்லாம் பித்தளை ஆணி. உள்ளே குதிரை மயிரும் ஸ்பிரிங்கும். பக்கத்து வீட்டு பாய் ஜட்கா ஓட்டுகிறவர். அவர்தான் அதைத் தன் வண்டியில் ஏற்றி வந்தார். வாசலில் இறக்கியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது, எங்கள் வீட்டுக் கதவு அதைவிடச் சின்னது. எங்கள் தெரு சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். நாற்காலியைப் பின்பக்கம் விறகு வைக்கும் தகரக் கொட்டகையில் போட்டோம். அம்மா அதன் மேல் கோணியைப் போர்த்தி மழை படாமல் பார்த்துக்கொண்டாள். தகரத்தின் சூடு கீழே இறங்குவதை யாரும் யோசிக்கவில்லை.

மூன்று நாலு கோடை போயிற்று. அதற்குள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் இருந்தது. பிறகு அடுப்புப் புகை பட்டால், நாலு படி ஏறினால் என்று ஆகி, கடைசியில் பாயில் முதுகு பட்டாலே நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு முழங்காலைக் கட்டிக்கொள்வாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், மருந்து எழுதினார். "இந்தம்மா இனி படுக்கக் கூடாது. நல்லா சாஞ்சி உக்காந்த மாதிரியே தூங்கணும். தூக்கம் இல்லாட்டி மருந்து கேக்காது" என்று சொன்னார். சுளுவாகச் சொல்லிவிட்டார். சாய்ந்து உட்கார எங்கள் வீட்டில் என்ன இருந்தது? ஒரு முக்காலி, ஒரு மணை, அப்பாவின் டிரங்குப் பெட்டி.

அப்பா பங்களாத் தோட்டங்களில் வேலை செய்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் தவிட்டு மூட்டையைச் சுவரோரம் வைத்துப் பார்த்தார், தலையணைகளை அடுக்கிப் பார்த்தார். மூட்டை சரிந்தது, தலையணை நழுவியது, பெங்களூர்ச் சுவரோ ஐப்பசியிலேயே ஜில்லென்று முதுகில் ஏறும். அம்மா தூங்காமல் தூங்காமல் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாள். நான் தையல் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவள். பகலில் அவள் உட்கார்ந்தபடி தலை தொங்கி, மூச்சுக்கு முட்டி, திடுக்கிட்டு நிமிர்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மார்கழிப் பனியை இவள் தாண்ட மாட்டாள் என்று வெளியே சொல்லாமல் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அப்பா கொட்டகைப் பக்கம் பார்த்து, "அந்த துரைசாணி நாற்காலி கீதே" என்றார்.

கோணியை எடுத்தோம். பல்லி முட்டையும் விறகுத் தூளும் கொட்டின. தோல் வெயிலில் மறந்துபோன அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. உட்காரும் இடம் முழுக்க வெடிப்பு. வெடிப்பின் ஓரங்கள் மேலே சுருண்டு நின்றன. கையை வைத்தேன், புறங்கை கீறிவிட்டது. இதில் மூச்சுக்குத் தவிக்கும் பொம்பளையைச் சாய்த்து வைப்பதா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அம்மா மட்டும் அசரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"ஏண்டி முழிக்கிறே? காஞ்ச தோலுக்கு எண்ணெ தேச்சி குளிப்பாட்டினா சரியாப் போவுது. வெள்ளக்காரப் புள்ளைங்களுக்கே எண்ணெ தேச்சி தோலைப் பளபளன்னு ஆக்கினவ நானு. இந்த மாட்டுத் தோலு எம்மாத்திரம்?"

அதில் நியாயம் இருப்பதாகத்தான் எங்கள் மூன்று பேருக்கும் பட்டது. சனிக்கிழமை பார்த்து நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினோம். மிளகு எதற்கு என்று கேட்டேன். சளி பிடிக்காது என்றாள். நாற்காலிக்கா என்றேன், வாயை மூடிக்கொண்டு தேய் என்றாள். அப்பா கைப்பிடிகளைத் தேய்த்தார், நான் சாய்மானத்தைத் தேய்த்தேன். உச்சியில் நன்றாக வைத்து அழுத்து என்று அம்மா காதுகளைக் காட்டினாள். எண்ணெய் ஊற ஊறத் தோல் கறுத்து மின்னியது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். பிசுபிசுப்புப் போக வேண்டுமே என்று வெந்நீரில் சீயக்காய் கரைத்து அலசிவிட்டோம். அப்புறம் வெயிலில் தூக்கி வைத்தோம். சாயங்காலம் அம்மா சாம்பிராணிப் புகையும் போட்டாள். பொட்டு வைக்காததுதான் பாக்கி.

மறுநாள் மத்தியானம் வெயிலில் இருந்த நாற்காலி டப்பென்று ஒரு சத்தம் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். உட்காரும் இடம் குறுக்காகக் கிழிந்து குதிரை மயிர் வெளியே வந்திருந்தது. தோல் முன்பைவிட விறைத்துவிட்டது. சீயக்காய் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. வெடிப்புகளுக்குள் தேங்கியிருந்த எண்ணெய் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது, அதைத் தேடி எறும்பு வரிசை வந்துவிட்டது.

அம்மா வந்து கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடச்சி அடுப்புல வையி. வெந்நீராவது காயும்" என்றாள். அன்று ராத்திரி அவள் இருமல் நிற்கவே இல்லை.

அடுத்த நாள் காலையில் பாயின் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடும். வண்டி ஓட்டுவது பாய், குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதிலிருந்து சேணத்தையும் வார்களையும் பார்த்துக்கொள்வது வரை மற்றதெல்லாம் அவள்தான். கொட்டகை வாசலில் நின்று மோந்து பார்த்தாள்.

"அரே அல்லா! இன்னா அக்கா இது, நாற்காலி மேல ரசம் வாசனை வருது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் கட்டியிருந்த குதிரை செருமியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்காவா போட்டீங்க? நக்கோ அக்கா, வேணாம். தோலுக்குத் தண்ணியும் ஆவாது, வெயிலும் ஆவாது" என்றாள்.

"தலைக்குத் தேய்க்கலியா? அதுவும் தோலுதானே?" அம்மா விடவில்லை.

"தலை உயிரோட கீது அக்கா. தனக்கு வேணும்ங்கிறத அதே எடுத்துக்கும். இது செத்த தோலு. நாமதான் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். ஒரேயடியா ஊத்தினா கொழந்தை பாலைக் கக்கற மாதிரி கக்கிடும்."

பிள்ளை வளர்த்தவளுக்கு அந்தப் பாஷை புரிந்தது.

பாயம்மா முதலில் குதிரைக்கு வைக்கும் தவிட்டை அள்ளி வந்து நாற்காலி மேல் தூவித் தேய்த்தாள். தவிடு எண்ணெயை உறிஞ்சி உறிஞ்சி உருண்டையாக விழுந்தது. தெருக் கோழிகளுக்கு அன்றைக்கு நல்ல விருந்து. பாய் ஓய்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை பழைய சேணத்திலிருந்து மெல்லிய தோல் ஒன்றை அறுத்து, கிழிசலுக்கு அடியில் விட்டு, மெழுகு பூசிய நூலால் தைத்துக் கொடுத்தார். பிறகு பாயம்மா ஒரு தகர டப்பாவில் கொழுப்பு, தேன்மெழுகு, விளக்கெண்ணெய் மூன்றையும் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"இன்னா கொழுப்பு அது? ஆடா, மாடா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆடுதான் அக்கா. கறிக்கடையில நானே நின்னு வாங்கினேன்."

"நாற்காலியே மாடுதானே, அப்புறம் இன்னா கேள்வி?" என்று நான் முணுமுணுத்தது அம்மா காதில் விழுந்து, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் களிம்பை விரலால் தொட்டு, உள்ளங்கையில் சூடு வருகிற வரைக்கும் தேய்த்து, நிழலில் வைத்துத் தோலில் தடவ வேண்டும். துணியால் தேய்க்கக் கூடாது, கைதான். தடவியதைத் தோல் குடித்த பிறகு மறுபடியும் கொஞ்சம். பாயம்மாவும் நானுமாக மாற்றி மாற்றித் தேய்த்தோம். காஜா எடுக்கிற விரலில் கொழுப்பு வாடை ஒட்டிக்கொள்ளும். துணியைத் தொடுவதற்கு முன் கையை மூன்று தரம் கழுவுவேன். மெல்ல மெல்ல வெடிப்புகளின் ஓரம் படிந்தது. ஒரு நாள் கைப்பிடியை அழுத்தினேன், தோல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்பா கதவு நிலையைப் பெயர்த்தெடுத்து நாற்காலியை உள்ளே கொண்டுவந்தார். அது பாதி வீட்டை அடைத்துக்கொண்டது.

இனிமேல் அம்மா தூங்குவாள் என்று நினைத்தோம். அம்மா உட்கார மாட்டேன் என்றாள்.

நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. முதலில் பிறகு பார்க்கலாம் என்றாள். அப்புறம் கொழுப்பு வாடை என்றாள், புடவையில் கறை படும் என்றாள். நான் சண்டைக்குப் போனேன். இத்தனை பாடுபட்டது எதற்கு, உனக்காகத்தானே என்று கத்தினேன். அப்பாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்கார வைத்தோம். உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் இருந்திருக்கும். யாரோ அதட்டியது போல விருட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா ஆச்சி?"

"யாரோ வர்றாப்பல கீதுடி."

"யாரும் வரலியே."

"தெரியுது. ஒடம்புக்குத் தெரியலியே" என்றாள். பிறகு நாற்காலியின் வலது காலைக் காட்டினாள். "துரைசாணி மேல உக்காந்து கொழந்தைய வச்சிகினு இருப்பா. நான் இங்க, இந்தக் காலாண்ட, தரையில. எனக்குத் தெரிஞ்ச எடம் அதுதான்."

துரைசாணி அவளை அடித்ததோ திட்டியதோ இல்லை. நல்ல மாதிரிதான் என்று அம்மாவே சொல்வாள். மேலே உட்காராதே என்றுகூட யாரும் சொன்னதில்லையாம். சொல்லத் தேவையே இருந்திருக்காது. அவளை அதட்டிய என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்றைக்கும் அவள் தரையில்தான் உட்கார்ந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாற்காலிக் காலில் தோளைச் சாய்த்துக்கொண்டு.

பாயம்மாவிடம் குழாயடியில் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் களிம்பு டப்பாவோடு வந்தாள், நாற்காலியை அங்கங்கே அமுக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"பத்தலை அக்கா."

"இன்னா பத்தலை?" என்றாள் அம்மா.

"களிம்பு மேலதான் நிக்குது, உள்ள எறங்கலை. புது வாரு வாங்கினா நாங்க இன்னா செய்வோம்? களிம்பு போட்டுக் குதிரை மேல கட்டிடுவோம். குதிரை ஒடம்புச் சூடு ஏறி, அது அசைய அசையத்தான் வாரு இளகும். இதுக்கும் ஆளு உக்காரணும். தினம் மத்தியானம் முச்சூடும் உக்காரணும். இல்லாட்டி பனி வந்ததும் மறுபடி வெடிச்சிடும்."

"இவ உக்காரட்டும்" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

"இவ காஜா எடுக்கணும். இதுல உக்காந்தா வெளிச்சம் பத்தாது. அண்ணன் தோட்டத்துக்குப் போயிடறாரு. எனக்குக் குதிரை கீது. இந்த ஊட்ல சும்னே உக்காந்துகினு கீறது நீ ஒருத்திதான் அக்கா."

எங்கள் அம்மாவைப் பார்த்து சும்மா இருக்கிறவள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"நானாடி சும்னே கீறேன்? ஒடம்பு முடியாத நேரத்துலயும் ஒல வைக்கிறது யாரு? கொண்டா அந்த டப்பாவ."

களிம்பை வாங்கி, உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு கைப்பிடியிலும் தடவினாள். பிறகு அடுப்பு மூட்டப் போகிறவள் மாதிரி முந்தானையைச் சொருகிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முதுகு விறைப்பாக, முகம் கடுகடுவென்று. நான் ஏதோ பேச வாயெடுத்தேன். "வேலையா கீறேன், பேச்சுக் குடுக்காதே" என்றாள்.

பாயம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள். வாசல் வரை போய் அவளை மடக்கினேன். நிஜமாகவே உடம்புச் சூட்டில் தோல் இளகுமா, இல்லை சும்மா சொன்னாயா என்று கேட்டேன். "குதிரை மேல இளகலியா பேட்டி, எம் மவளே? பொய் சொல்ல எனக்கு இன்னா வந்துச்சி?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்து ஏனம் கழுவியதும் அம்மா வேலைக்கு உட்காருவாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. இடது பக்கம் கொஞ்சநேரம் சாய்ந்து தேய்ப்பாள், வலது பக்கம் சாய்ந்து தேய்ப்பாள். சாய்மானத்தில் முதுகு படாமல் அங்கே தோல் எப்படி இளகும் என்று பாயம்மா ஒருநாள் கேட்டுவிட்டுப் போனாள். அம்மா முனகிக்கொண்டே முதுகைச் சாய்த்தாள். காதுப் பக்கம் காய்ந்திருக்கிறதே என்று மறுநாள் கேட்டாள். அம்மா அதில் தலையை வைத்தாள்.

நான் வாசலோரம் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. எனக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் தலை அந்தத் தோல் மடிப்பில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. களிம்பு பூசிய கைகள் கைப்பிடிகளில் கிடந்தன. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இழுப்பு இல்லாமல், விசில் சத்தம் இல்லாமல், அமைதியாக. எத்தனை மாதமாயிற்று அவள் அப்படி மூச்சுவிட்டு. நான் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, சத்தம் வராமல் அழுதேன். அப்பா சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

விழித்ததும் அம்மா சொன்ன முதல் பேச்சு, "தலை வச்ச எடம் கொஞ்சம் எளகிச்சி" என்பதுதான். ராத்திரியும் உட்கார்ந்தால் சீக்கிரம் ஆகும் என்று அவளே சொல்லிவிட்டாள். மார்கழி வந்தது, போயிற்று. ஏரிப் பக்கமிருந்து வந்த பனி தெருவை மூடிய நாட்களிலும் அவள் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மெல்ல மறைந்தது. பழையபடி வாயும் வந்துவிட்டது.

மழைக்காலத்துக்கு முன்னால் பாயம்மா வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். "ஆயிடுச்சி அக்கா. பட்டு மாதிரி கீது. இனிமே வருஷத்துக்கு ஒரு தரம் களிம்பு போட்டாப் போதும்" என்றாள்.

அம்மா கட்டைவிரலால் ஓர் இடத்தை அமுக்கினாள். "எங்க ஆச்சி? இங்க இன்னும் கொஞ்சம் காஞ்சிதான் கீது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாயம்மா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா அக்கா. காஞ்சிதான் கீது. உட்டுடாதே" என்றாள். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த இடம் காய்ந்தேதான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் ஒரு கார் முனையிலேயே நின்றது. பங்களாவை வாங்கியிருந்த பெரிய வீட்டு அம்மாள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டி வந்தாள். எங்கள் வாசலில் நிழல் தட்டியதும் நான் எழுந்துவிட்டேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். விருட்டென்று எழப் போகிறாள், மூச்சு இரைக்கப் போகிறது என்று எனக்குப் பதறியது.

"நீதானே அந்த பங்களாவுல ஆயாவா இருந்தது? எங்க மருமக உண்டாயிருக்கா. உன்னைப் பத்தி ரொம்ப நல்லவிதமா சொன்னாங்க" என்றாள் அந்த அம்மாள், உள்ளே வந்துகொண்டே.

அம்மாவின் கைகள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன. தோல் அவள் விரலுக்கு அடியில் அமுங்கியதைப் பார்த்தேன். அவள் எழவில்லை.

"மன்னிச்சிக்கணும்மா, எந்திரிக்க முடியாது. வேலையா கீறேன். அந்த முக்காலியில உக்காருங்க."

அந்த அம்மாள் என்ன வேலை என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். "தோலு இன்னும் கொஞ்சம் காஞ்சி கீது" என்று அம்மா விளக்கினாள். நான் சிரிப்பை அடக்க நூலைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து வந்த விஷயத்தைச் சொன்னாள். அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் என்று நாலு வார்த்தை சொன்னாள், தன்னால் இனி வர முடியாது என்றும் சொன்னாள். வந்தவள் நல்லபடியாகவே விடைபெற்றுப் போனாள்.

கார் கிளம்பிய சத்தம் ஓயும் வரை அம்மா அசையவில்லை. அப்புறம் சின்னக் குழந்தை மாதிரி கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் எந்திரிக்கலியே. பாத்தியா?"

"பாத்தேம்மா" என்றேன்.